கயானாவில் மழை நிற்கும் மாதம்

கல்லிடைக்குறிச்சி
3.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு இசக்கித்தாய் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் தம்பி சுடலையும் சுகம். உன் தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? பக்கத்து ஜெயிலில் இருந்தவரை வாரம் ஒருமுறை வந்து உன் முகத்தையாவது பார்த்தேன். உள்ளே சண்டை போட்டு வடக்கே மாற்றல் வாங்கிக்கொண்டாய். போன் பேசும் சலுகையும் போயிற்று. இனி கடிதம்தான். அதுவும் ஒரு வகையில் நல்லது. நேரில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீ கத்த ஆரம்பித்துவிடுவாய்.

விஷயம் தம்பியைப் பற்றியது. அவன் வேலை பார்க்கும் போர்வெல் வண்டியில் முன்பு இருந்த எலியேசர் அண்ணாச்சி இப்போது கயானா என்ற நாட்டில் இருக்கிறார். தென் அமெரிக்காவில், பிரேசிலுக்கு வடக்கே. நம் பக்கத்து வண்டிகள் இரண்டு அங்கே ஓடுகின்றன. மே மாதம் மழை பிடித்தால் ஆகஸ்ட் வரை புல்வெளி முழுக்க வெள்ளமாம், வண்டியை அசைக்க முடியாதாம். செப்டம்பரில் மழை நின்று தரை இறுகிய பிறகுதான் துளை போடுவார்கள். அந்தக் காய்ந்த காலம் முழுக்க வேலை இருக்கும். "பயலை அனுப்பு தாயி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று.

அவன் பெயரில் இதுவரை ஒரு வழக்கும் இல்லை. நம் வீட்டில் அப்படி ஒரு ஆண்பிள்ளை அவன் ஒருத்தன்தான். அப்பா போன நாளிலிருந்து அவனுக்கு நீதான் அப்பா. நீ போ என்றால்தான் போவான். ஒரு வரி எழுது. அவன் உயிரோடு இருக்க வேண்டும், அவன் கையில் ரத்தம் படக்கூடாது. எனக்கு வேறு ஆசை இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடவும்.
தங்கச்சி இசக்கித்தாய்


மத்தியச் சிறை
21.3.2025

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் பேச்சிராஜ் எழுதுவது. இதை உனக்கு முன்னால் வாங்கி, முதல் இரண்டு வரி படித்து முத்திரை குத்தும் அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம். நான் சுகம். மாப்பிள்ளை மாசானமுத்துவைக் கேட்டதாகச் சொல். போன வாரம் சோற்று வரிசையில் ஒருத்தன் அப்பா பெயரைச் சொல்லிச் சிரித்தான். அவன் முன்பல் இரண்டும் அவன் தட்டிலேயே விழுந்தன. மற்றபடி இங்கே புதுச் செய்தி இல்லை.

நூலகத்தில் உலகப் படம் இருக்கிறது. கயானாவைத் தேடிப் பிடித்தேன். கட்டைவிரலை வைத்தால் மறைந்துபோகிறது. இவ்வளவு சின்ன நாட்டில் நம் பயல் துளை போட்டால் அந்தப் பக்கம் கடல் தண்ணீர்தான் வரும் என்று அவனிடம் சொல். போகட்டும். நான் தடுக்கவில்லை.

ஆனால் செப்டம்பரில்தானே அங்கே தரை இறுகுகிறது? நம் கோயில் ஆடிக் கொடையை முடித்துவிட்டே போகட்டும். சுடலைமாடன் நம் குடும்பத்து ஆள்மேல் மட்டும்தான் இறங்குவான். அப்பா ஆடினார், அவருக்குப் பிறகு நான் ஆடினேன். எனக்கு விடுப்பு தர மாட்டார்கள். இந்த வருஷம் தம்பி சாமிக் குல்லாய் வைத்து ஆடட்டும்.

அப்பா கிடந்த கோலத்தை நீ பார்க்கவில்லை. துணி போர்த்திய பிறகுதான் உன்னை விட்டார்கள். நான் பார்த்தேன். தண்ணீர் முறை கேட்டதற்காக வாய்க்கால் கரையில் வெட்டிப் போட்டிருந்தார்கள். கழுத்தில் ஒன்று, முகத்தில் மூன்று. கை மண்வெட்டியை விடவில்லை. வாய் இருந்த இடத்தில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. வெட்டியவர்கள் இரண்டு பேர். ஒருத்தனுக்காக நான் உள்ளே இருக்கிறேன். இன்னொருத்தன், அந்த அப்பாத்துரை, சாட்சி இல்லையென்று வெளியே வந்து, அதே தண்ணீரில் நாற்று நடுகிறான். தம்பி இதையும் நினைத்துக்கொண்டு பெட்டி கட்டட்டும்.

உடம்பைக் கவனித்துக்கொள்.
அண்ணன் பேச்சிராஜ்


கல்லிடைக்குறிச்சி
14.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு, சித்திரை முதல் தேதி உன்னை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் மூவரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை.

போன செவ்வாய்க்கிழமை விடிந்து தோட்டத்துக்குப் போனால் குலை தள்ளிய வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. எல்லாம் இடுப்பளவில் வெட்டி. அப்பாத்துரை ஆட்கள்தான். ஒரே ஒரு வாழையை மட்டும் வெட்டாமல், அதன் மேல் தம்பியின் பழைய சட்டையை மாட்டி, கழுத்து இருக்கும் இடத்தில் ஒரு கொத்து கொத்தியிருந்தார்கள். தம்பி அருவாளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். உன் மாப்பிள்ளை துரத்திப் போய், கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தார். அவன் கடித்ததில் அவர் முன்கையில் சதை பிய்ந்துவிட்டது. "கடில, நல்லா கடி. அவன் வாசப்படிய மிதிச்சா உனக்குப் பாஸ்போர்ட்டும் கெடையாது, தலையும் கெடையாது" என்று சொல்லிக்கொண்டே விடாமல் பிடித்திருந்தார். அதற்கு அடுத்த நாள்தான் பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ் வந்தது. பிழைத்தோம்.

கொடைக்கு அவன் வேண்டாம் அண்ணே. மற்ற ஊர்களில் வேட்டைக்கு ராத்திரி போகிறார்கள், நம் ஊரில் உச்சி வெயிலில். சாமி தனியாகச் சுடுகாட்டுக்குப் போகும், அது திரும்பி வரும்வரை ஊரே அந்தத் திசைக்கு முதுகைக் காட்டி நிற்கும். திரும்பிப் பார்த்தால் ரத்தம் கக்கிச் சாவோம் என்று நிற்போம். அந்தப் பாதையில் இவனைத் தனியாக எப்படி அனுப்புவேன்? வெட்டிப் போட்டாலும் பார்க்க ஒரு கண் இருக்காது.

தோளுக்குத் தைலம் தேய்க்கவும்.
இசக்கித்தாய்


மத்தியச் சிறை
9.5.2025

அன்புத் தங்கச்சிக்கு, அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம். நான் சுகம். வாழை விஷயம் படித்த அன்று சுவரில் குத்தியதில் விரல் ஒன்று பிசகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

ஊர் முதுகைக் காட்டி நிற்கும் என்று எழுதியிருந்தாய். நிற்கும். நானும் அதையேதான் யோசிக்கிறேன். முதுகைக் காட்டி நின்றவன் எந்தக் கோர்ட்டிலும் சாட்சி சொல்ல முடியாது. சுடுகாட்டுக்குப் போக இரண்டு வழி இருப்பது உனக்குத் தெரியும். வாய்க்கால் கரை ஒன்று, பம்புசெட் பாதை ஒன்று. அது யாருடைய பம்புசெட் என்பதும், உச்சி வெயிலில் அங்கே கட்டில் போட்டுப் படுத்திருப்பவன் யார் என்பதும் உனக்குத் தெரியும். தம்பி பம்புசெட் பாதையில் போகட்டும். சாமி கையில் அருவாள் இருப்பது வழக்கம்தான். வேறு ஒன்றும் நான் எழுதவில்லை.

கொடை முடிந்ததும் பிளேன் ஏறட்டும். யாரும் தேடும்போது அவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பான். பார்த்தாயா, உன் கயானா எனக்கும் பிடித்துப் போயிற்று.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.
பேச்சிராஜ்


கல்லிடைக்குறிச்சி
16.6.2025

அண்ணனுக்கு, ஒரு மாதமாக எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சுகம்.

அணையில் தண்ணீர் திறந்த அன்று ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். உன்னோடு உள்ளே இருந்து விடுதலையானவன் என்றான். பெயர் சொல்லவில்லை. காப்பி குடித்தான், போகும்போது துணி சுற்றிய ஒன்றைத் தம்பி கையில் கொடுத்தான். அதிலிருந்து தம்பி என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அவர்கள் வெட்டிப் போட்ட வாழைக் கட்டையை எடுத்து நிறுத்தி, கொல்லையில் வெட்டிப் பழகுகிறான். ஆள் உயரத்துக்கு நிறுத்துகிறான். வெட்டி முடித்ததும் கிணற்றடியில் போய் வாந்தி எடுக்கிறான். நேற்று நான் அவனை அறைந்துவிட்டேன். இந்தக் கையால் அவனை அடித்தது அதுதான் முதல் தடவை. "அண்ணன் சொல்லிட்டான்க்கா. நான் என்ன செய்யட்டும்?" என்று மட்டும் கேட்டான்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசாவும் வந்துவிடும் போலிருக்கிறது. எலியேசர் அண்ணாச்சி ஒரு படம் அனுப்பினார். சமுத்திரம் மாதிரி தண்ணீர், நடுவே ஒரு மேடு, மேட்டில் நம்ம ஊர் வண்டி. இன்னும் இரண்டு மாதத்தில் இது அத்தனையும் வற்றிவிடுமாம். தம்பி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் போக ஆசை இருக்கிறது. உன் மேல் பயமும் இருக்கிறது.

காலில் விழுந்து கேட்கிறேன். அவனை விட்டுவிடு. ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

இசக்கித்தாய்


மத்தியச் சிறை
30.6.2025

தங்கச்சிக்கு, சுகம். உன் அழுகைக் கடிதம் கிடைத்தது.

வாந்தி எடுப்பதெல்லாம் ஒரு விஷயமா? நானும்தான் எடுத்தேன். பழகிவிடும்.

அவன் குல்லாய் வைக்காமல் பிளேன் ஏறினால் அவனுக்கு அண்ணன் இல்லை, உனக்கும் இல்லை. எனக்கு இன்னும் ஆட்கள் வெளியே இருக்கிறார்கள். செங்கோட்டை வழியாகப் போனாலும் மதுரை வழியாகப் போனாலும் வண்டியை நிறுத்தி இறக்கிக்கொண்டு வருவார்கள். வந்தவன் கை கால் முழுசாக வருவான் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. டிக்கெட் எந்தத் தேதி என்று எழுது.

பேச்சிராஜ்


கல்லிடைக்குறிச்சி
18.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு இசக்கித்தாய் எழுதிக்கொண்டது. நாங்கள் மூவரும் நல்ல சுகம். உன் தோள், உன் விரல் இரண்டும் தேவலையா?

நீ சொன்னபடியே ஆகட்டும். கொடைக்குக் கால் நாட்டியாயிற்று. ஆடி நாலாம் வெள்ளி உச்சிக்கொடை. தம்பிதான் குல்லாய் வைக்கிறான் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. புதன்கிழமை காப்புக் கட்டினால் பிறகு கோயிலை விட்டு வெளியே வரமாட்டான், யாரோடும் பேசமாட்டான். முகத்திலும் உடம்பிலும் சந்தனம் அப்பிவிடுவோம். சாமியாடி உடுத்தும் சல்லடத்தை இடுப்பில் கொஞ்சம் பிரித்துத் தைத்தேன்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டால்தான் அந்த நாட்டுக்குள் விடுவார்களாம். உன் மாப்பிள்ளை தூத்துக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தார். டிக்கெட் ஆகஸ்ட் இருபதாம் தேதிக்கு.

வேறு விசேஷம் இல்லை. கோபப்படாமல் இருக்கவும்.
தங்கச்சி இசக்கித்தாய்


மத்தியச் சிறை
14.8.2025

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. நான் மிகவும் சுகம். அதிகாரி ஐயாவுக்கும் இன்று மனமார வணக்கம்.

நீ எழுதாவிட்டாலும் செய்தி வந்துவிட்டது. நேற்று நம் பக்கத்துப் பையன் ஒருத்தன் புதிதாக உள்ளே வந்தான். "ஒங்க ஊருக் கொடையில, சுடுகாட்டுல ஒருத்தன சாச்சிட்டாவளாம்ணே. தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கமாம்" என்றான். ஆள் பெயர் தெரியாது என்றான். எனக்குத் தெரியாதா? பம்புசெட்டிலேயே முடியும் என்று நினைத்திருந்தேன், சுடுகாடுவரை ஓட விட்டுப் பிடித்திருக்கிறான். கான்டீனில் பிஸ்கட் வாங்கி என் சிறைத் தொகுதி முழுக்கக் கொடுத்தேன். அப்பா முகம் அன்றைக்குப் பிறகு நேற்று ராத்திரிதான் எனக்கு முழு முகமாக நினைவுக்கு வந்தது. நன்றாகத் தூங்கினேன்.

தம்பியிடம் சொல், அவனை நான் தப்பாக நினைத்துவிட்டேன். வாந்தி எடுத்தானா? இருபதாம் தேதிவரை வெளியே தலை காட்ட வேண்டாம். உடனே பதில் எழுது. எப்படி நடந்தது என்று எழுத முடிந்த அளவுக்கு எழுது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.
பேச்சிராஜ்


கல்லிடைக்குறிச்சி
5.9.2025

பேச்சிராஜுக்கு,

சுகமா என்று கேட்கப்போவதில்லை. நீ பிஸ்கட் கொடுத்தது என் புருஷன் தலைக்கு.

தம்பி காப்புக் கட்டும் புதன்கிழமை காலையிலேயே போய்விட்டான். நான் வேலை பார்க்கும் கம்பெனியின் அப்பள வேனில், மூட்டைகளுக்கு நடுவே படுத்துச் செங்கோட்டை தாண்டினான். வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் பிளேன். இருபதாம் தேதி என்று உனக்கு எழுதியது பொய். அவன் ஊரில் இல்லை என்று தெரிந்தால் உன் ஆட்களும் தேடுவார்கள், அப்பாத்துரை ஆட்களும் தேடுவார்கள். அதனால் உன் மாப்பிள்ளை குல்லாய் வைத்தார். அவர் சொன்ன யோசனைதான். "சந்தனத்த அப்பிட்டா எல்லாச் சாமியும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்ட்டி. பயல் பிளேன் ஏறுதவரைக்கும் நான் சுடலையா இருக்கேன். வேட்டைக்கு வாய்க்கால் கரையில போயிட்டு அப்படியே வந்திருதேன்" என்றார்.

ஊர் முதுகைக் காட்டி நின்றது. நானும் நின்றேன். மேளம் நின்ற பிறகு சுடுகாட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. "சாமி வேட்டையாடுது" என்று பக்கத்தில் நின்றவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். இன்னொரு சத்தம் வந்தது. அதற்கும் போட்டுக்கொண்டேன். வெயில் சாய்ந்தும் சாமி திரும்பவில்லை. திரும்பிப் பார்க்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. கடைசியில் நான்தான் திரும்பினேன், நான்தான் ஓடினேன். எரிமேடைக்குப் பின்னால் கிடந்தார். தலையில் குல்லாய் கழலவில்லை. சந்தனத்தில் ஈ மொய்த்தது. தம்பி கடித்த தழும்பு முன்கையில் அப்படியே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

நம் சாமி மருமகன்மேல் இறங்காது. அவருக்கு அருள் வரவே இல்லை. முழு நினைவோடு, முழு பயத்தோடு அந்தப் பாதையில் நடந்தார்.

நீ அருவாள் கொடுத்து அனுப்பினாயே, அவனிடம் உன் திட்டம் முழுவதையும் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாய். அவன் அதை அப்பாத்துரையிடம் விற்றுவிட்டான். பம்புசெட் கட்டிலை அன்று அப்பாத்துரை காலியாகப் போட்டுவிட்டு, சுடுகாட்டில் இரண்டு வழியும் சேரும் இடத்தில் மூன்று பேரை நிறுத்தியிருக்கிறான். மூவரும் மறுநாளே கோர்ட்டில் சரணடைந்துவிட்டார்கள். அப்பாத்துரை வீட்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான். நான் பொய் எழுதியதால் என் புருஷன் அங்கே போனார். நீ பேசியதால் அவர்கள் அங்கே வந்தார்கள். நாம் இரண்டு பேரும்தான் அவரைக் கொன்றோம்.

தம்பிக்கு இன்னும் தெரியாது. கொடை முடிந்து அடுத்த வாரம் அத்தானைப் பாம்பு கடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். எலியேசர் அண்ணாச்சிக்கு மட்டும் உண்மை தெரியும். மழை நின்று வண்டி உள்ளே போய்விட்டது, அங்கே போன் எடுக்காது. தம்பி நான் சொன்னதை நம்பவில்லை. உனக்கு எழுதிக் கேட்பான். உண்மை தெரிந்தால் வந்து நிற்பான். அவன் வெட்டுவான், பிறகு அவனை வெட்டுவார்கள். உன் முகவரியை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன், அவன் முகவரியைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். என் பேச்சில் அவன் அங்கே நிற்கமாட்டான், உன் எழுத்தில் நிற்பான்.

உன்னை நான் இனி அண்ணே என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் நீ அவனுக்கு என்ன எழுதுகிறாய் என்பதில் இருக்கிறது.

இசக்கித்தாய்


மத்தியச் சிறை
27.10.2025

அன்புத் தம்பி சுடலைக்கு அண்ணன் பேச்சிராஜ் எழுதுவது. நான் சுகம். நீயும் எலியேசர் அண்ணாச்சியும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் முந்தாநாள்தான் என் கைக்கு வந்தது. சொல்லாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டிருந்தாய். எனக்குக் கோபம் இல்லை. நீ போனது சரி.

அத்தானைப் பற்றி அக்கா சொன்னது உண்மைதான். வாழைத் தோட்டத்தில் சருகுக்குள் கிடந்திருக்கிறது, தெரியாமல் மிதித்துவிட்டார். கண்ணாடிவிரியன். அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார். அதிகம் வலித்திருக்காது என்கிறார்கள். நீ இங்கே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. காரியமெல்லாம் குறையில்லாமல் முடிந்தது. நீ வர வேண்டாம். அக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை, அவள் தன்னைப் பார்த்துக்கொள்வாள். நீ அங்கே நன்றாக இருந்தால் அவளும் நன்றாக இருப்பாள்.

தரை இப்போது நன்றாக இறுகியிருக்கும். எத்தனை அடியில் தண்ணீர் வருகிறது? உப்பாக இருக்கிறதா, குடிக்க முடிகிறதா? எழுது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் அங்கேயே வேலை இருந்தால் இருந்துவிடு.

அந்தப் பாம்பை அடித்துவிட்டார்களா என்று கேட்டிருந்தாய். அடிக்கவில்லை. ஆள் அனுப்பி அடிக்கச் சொல்லத்தான் நினைத்தேன், இன்றைக்கும் கை துடிக்கிறது. அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். அது அங்கனதான் கிடக்கிறது. கிடக்கட்டும்.

உன் அண்ணன்
பேச்சிராஜ்